பேர் போடாத குடத்தில் விழுந்த சீட்டு

பழவேற்காடு,
ஆவணி 10.

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு கல்பனா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் போன் நம்பருக்குக் குலுக்கலில் இருபத்தைந்து லட்சம் விழுந்ததாகவும், வரி கட்டினால் கைக்கு வரும் என்று ஓர் அதிகாரி போனில் பேசியதாகவும் சொன்னீர்கள். திருட்டு வேலை என்றேன். அதற்காக என் நம்பரையே பிளாக் செய்து பதினெட்டு நாள் ஆகிறது. எளாவூர் கணேசன் லீவு முடிந்து உங்கள் கேம்ப்புக்குத் திரும்புகிறார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஏரியில் பிறந்த ஆள்தானே நீங்கள்? யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று நம் ஊரில் சீட்டு குலுக்குவது கோயில் வாசலில், பட்டப்பகலில், ஊரே பார்க்க. குடத்தில் பேர் போடாதவனுக்கு என்றைக்காவது சீட்டு விழுந்திருக்கிறதா? விழுந்தவனிடம் யாராவது வரி கேட்டார்களா? நம் சீட்டு பொய் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில், குலுக்கல் என்றதும் நம்பிவிட்டீர்கள். நீங்கள் எந்தச் சீட்டும் வாங்கவில்லை என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

அந்த 'அதிகாரி'க்கு என் நம்பரையும் கொடுத்தீர்களே, பேசினான். மாலைக்குள் வரி கட்டாவிட்டால் பரிசு வேறு ஆளுக்குப் போய்விடும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றான். எங்கே குலுக்கினீர்கள், சீட்டை எடுத்தது யார் என்று கேட்டேன். அசிங்கமாகத் திட்டினான். உன் புருஷன் அதிர்ஷ்டத்தைக் கெடுப்பதே நீதான் என்றான். அன்று சாயங்காலம் நீங்கள் அனுப்பிய கடைசி மெசேஜிலும் அதே வார்த்தை. பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவளிடம், முகம் தெரியாத திருடன் வாயால் பேசினீர்கள். அதை நான் மன்னிக்க மாட்டேன்.

போன வாரம் உங்கள் தம்பி துளசிராமன் வந்து நின்றார். "அண்ணி, படக வித்து டப்பு அனுப்ப சொல்லி அண்ணன் பேஜாரு பண்ணுது. இன்னா பண்றது?" என்றார். மூன்று மாதச் சம்பளம் ஏற்கெனவே போய்விட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

யாரிடமும் சொல்லாதே என்றான் அல்லவா? ஊர்க் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி நம் படகை இந்த ஏரியில் ஒருவனும் வாங்க மாட்டான். மானம் போயிற்று என்று குதிப்பீர்கள். குதியுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கும் போன் செய்து சொல்லியிருக்கிறேன். பணம் கட்டிய ரசீதும் அவன் அனுப்பிய மெசேஜும் கேட்கிறார்கள். ஒன்றையும் அழிக்காதீர்கள். இனி ஒரு காசு அவனுக்குப் போகக்கூடாது.

கேம்ப்பிலிருந்து வந்த செய்தி என்று கணேசன் ஒன்று சொன்னார். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். யாரோடும் பேசாமல் மொட்டை மாடியில் போய்த் தனியாக நிற்கிறீர்களாம்.

போன பணத்தைப் பற்றி இந்த ஜென்மத்தில் கேட்க மாட்டேன். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். தினமும் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் என் நம்பருக்கு ஒரு ரிங் மட்டும் விடுங்கள். நான் எடுக்க மாட்டேன்.

எல்லையம்மன் உங்கள் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத
கல்பனா