பிரேமா சொன்ன இரண்டு

செவ்வாய், இரவு.

முழங்கால் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பின் வலி தெரியாமலிருக்க, சிலருக்குத் தொடை இடுக்கில் மரப்பு ஊசி போடுகிறேன், சிலருக்கு நடுத்தொடையில். எது மேல் என்று அறிய, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிவருகிறேன்.

இன்று பிரேமா "ரெண்டு" என்றாள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. பார்க்க வந்த சூப்பர்வைசர் கட்டிலருகே நின்றிருந்தார். அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு மேடம். உசுரு போவுது. அந்தாளு எதிர்ல சொன்னா லைன்லேர்ந்து தூக்கிடுவாங்கோ."

மருந்து கொடுத்தேன், தூங்கிவிட்டாள். இரண்டை அடித்து எட்டு என்று எழுதினேன்.

எழுதிய எண்களை வைத்து, நடுத்தொடை ஊசிதான் மேல் என்று நேற்றுவரை நம்பியிருந்தேன். மற்றவர்களிடம் கேட்டபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நான் பார்த்ததேயில்லை.