வாய்விட்டு ஓட்டுகிறவள்

மார்ச் 6, வியாழன்

முழங்கால் பயிற்சிக்கு வழக்கம்போல நாத்தனார் காரில் போனேன். என் பெல்ட் மாட்டிய சத்தம் கேட்ட பிறகே சாவியைத் திருப்புவாள். வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்துவிடும்: "இடது பக்கம் சைக்கிள். நிக்கற வேன், கதவு திறக்கலாம். பந்து வருது, பின்னாடியே குழந்தை வரும்." பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் ஓட்டுவாள்.

"ரேடியோன்னா அணைச்சாவது வைக்கலாம்" என்றேன்.

"வாய் சொன்னா கண்ணு பார்த்திருக்குன்னு அர்த்தம், அண்ணி. வேணும்னா காதைப் பொத்திக்குங்க."

பந்துக்குப் பின்னால் குழந்தை வந்தது. கார் அதற்குள் நின்றிருந்தது.

மார்ச் 13, வியாழன்

பள்ளிக்கூட வாசல். பின்னால் ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் வேகம் கூட்டவில்லை. வாசலைத் தாண்டியதும் ஒதுங்கி வழிவிட்டாள். போகிறபோது ஏதோ திட்டிவிட்டுப் போனான்.

"அவசரம் போல. போகட்டும்" என்றாள். நானாக இருந்தால் கான்வென்டில் கற்ற அடக்கமெல்லாம் காற்றில் போயிருக்கும்.

நான் யாரையும் எளிதில் மெச்சுகிறவள் இல்லை. இவளை மெச்சுகிறேன் — இங்கே மட்டும். நேரில் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

மார்ச் 16, ஞாயிறு

மகன் தொலைபேசியில்: "டிரைவர் அனுப்பறேம்மா." வேண்டாம் என்றேன். அப்புறம் எங்கே, எதற்கு, எப்போது வருவேன் என்று அவனிடம் ஒப்பித்துவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். நாத்தனார் ஓட்டும்வரை எனக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

மார்ச் 27, வியாழன்

திரும்பும்போது தூறல். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் சாலையில் இறங்கினார். அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. "ஏய், ஆளு, ஆளு" — கத்தியது நான். நின்றோம். அந்த மனிதர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்து போனார். ஒன்றுமே ஆகவில்லை.

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"எனக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க, அண்ணி."

"மழைடீ. யாருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதே."

சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"என் வாய் எப்ப பிந்துதோ அன்னிக்கு ஓட்டறதை விட்டுடறதுன்னு ரொம்ப நாளா வச்சிருக்கேன்."

"வீடு வரைக்குமாவது ஓட்டேன்."

"வீடு வரைக்கும் ரோட்டுல ஆளுங்க நடக்க மாட்டாங்களா?"

காரை அங்கேயே பூட்டிவிட்டுப் பேருந்தில் வந்தோம். நின்றபடி. என் முழங்காலைக் கேட்க வேண்டுமா.

மார்ச் 28, வெள்ளி

யாரும் சொல்லாமல் தானாக விட்டாளே. நான் விட்டிருப்பேனா? மாட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மகனை நானே கூப்பிட்டேன். "டிரைவர் வேணும். ரெண்டு பேருக்கு." சிரிக்கிறானா என்று கவனித்தேன். சிரிக்கவில்லை. பிழைத்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

இருவரும் பின் இருக்கையில். அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உதட்டை இறுக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவருக்கு ஒரு கண் மடியிலிருந்த போனில்.

எனக்குத் தாங்கவில்லை. "வலது பக்கம் ஸ்கூட்டர்" என்றேன், உரக்க. "நிக்கற வேன், கதவு திறக்கலாம்."

கண்ணாடியில் பார்த்தார். "என்னம்மா?"

"உங்களை இல்லைப்பா. நீங்க ரோட்டைப் பாருங்க."

போன் மூடி வைக்கப்பட்டது. வேகமும் குறைந்தது. நான் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்: பேருந்து, குடை பிடித்த பெண், சைக்கிள்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள்.

"நாயைச் சொல்லாம விட்டுட்டீங்க, அண்ணி."