மைக்கூட்டுக் குழியில் சாமந்தி

4.11.1997, செவ்வாய்

காலையில் என் டெஸ்க்கில் ஒரு சாமந்திப் பூ இருந்தது. எங்கள் டெஸ்க் எல்லாம் பழசு. மைக்கூடு வைக்க ஒரு குழி இருக்கும். அதில் காம்பை நுழைத்துப் பூவை நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள். லேசாக வாடியிருந்தாலும் தலை தொங்கவில்லை.

யார் வைத்தது? காலையில் அந்த வகுப்பு தமிழ் மீடியம், நாங்கள். மத்தியானம் அதே வகுப்பு கன்னட மீடியம். அப்படியானால் மத்தியான ஷிஃப்டில் என் இடத்தில் உட்காருகிற யாரோதான். பெண்ணா, பையனா? அங்கேயும் இரண்டு பேரும் படிக்கிறார்கள்.

தூக்கிப் போட்டிருக்கலாம். ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்தேன்?

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். தெரு விளக்கு வெளிச்சம் ஜன்னல் பக்கம் மட்டும் விழுகிறது, அதில் எழுதுகிறேன். பக்கத்தில் மகா அக்கா புரண்டு படுக்கிறாள். அவள் பார்த்தாலும் பயம்தான்.

5.11.1997

இன்றும் ஒன்று! கிளம்பும்போது குழியில் ஒரு நெல்லிக்காய் வைத்துவிட்டு வந்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

6.11.1997

நெல்லிக்காய் இல்லை. பூ இருக்கிறது. இன்னொரு நெல்லிக்காய் வைத்தேன், இனி தினமும் வைப்பேன்.

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன் போல. என்னடி இளிப்பு என்று அம்மா கேட்டாள்.

மகா அக்காவுக்கு நடந்ததை நினைத்தேன். போன வருஷம் அவள் பத்தாவது. ஆடுகோடி பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் அவள் கையில் ஒரு நியூ இயர் கார்டைத் திணித்துவிட்டு ஓடினான். எங்கள் சரவணன் அண்ணனின் சிநேகிதன் அதைப் பார்த்துவிட்டான். கார்டு கொடுத்தவன் யார் என்று வீட்டில் கேட்டார்கள். தெரியாது என்றாள். நிஜமாகவே தெரியாது. தெரியாதவன் எப்படிடீ குடுப்பான் என்று அண்ணன் அடித்தான். அடுத்த வாரமே அவளைக் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கச் சேர்த்துவிட்டார்கள். பரீட்சைகூட எழுதவில்லை.

என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாதுதானே?

10.11.1997, திங்கள்

இன்று பூ வெள்ளை.

பக்கத்தில் உட்காருகிற கேரலிடம் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. வெள்ளைச் சாமந்தி என்றால் கிறிஸ்தவர்கள் கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்களாம். போன வாரம்கூட அவள் மாமா கல்லறையில் இதைத்தான் வைத்தார்களாம். "உயிரோட இருக்கிறவங்களுக்கு யாரும் குடுக்க மாட்டாங்க பாஞ்சாலி," என்றாள்.

யாராவது என்னைச் சபிக்கிறார்களா? நான் என்ன செய்தேன்? நெல்லிக்காய் புளித்துவிட்டதா?

ஆனால் எங்கள் வீட்டில் லட்சுமி படத்துக்கு அம்மா வைப்பதும் இதே வெள்ளைதான். பூ ஒன்றுதான். அங்கே சாவு, இங்கே லட்சுமி. கொடுக்கிறவர் மனதில் என்ன இருந்தது என்று பூவைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

11.11.1997

சயின்ஸ் வகுப்பில் மௌரீன் மிஸ் என் பூவைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. கையில் வாங்கி ஒரு இதழை உருவி, இது இதழ் இல்லை, இதுவே ஒரு பூ என்றார். நடுவில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூவாம். சாமந்தி என்பது ஒரு பூவே இல்லை, ஒரு கூட்டம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா இத்தனை வருஷமாகக் கூட்டம் கூட்டமாகத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள், அவளுக்கே தெரியாது.

"உனக்கு யாரு குடுத்தா?" என்று மிஸ் கேட்டார். வகுப்பே சிரித்தது. வீட்டில் பூத்தது என்று பொய் சொன்னேன். எங்கள் வீட்டில் தொட்டி வைக்கக்கூட இடமில்லை.

12.11.1997

மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் ஸ்கேல் வேண்டும் என்று ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். காய்ந்த பூவெல்லாம் தரையில் கொட்டியது.

"எவன் குடுத்தான்?"

எவனும் இல்லை என்றேன்.

"அப்ப எவ? பேரச் சொல்லு."

பெண் என்றும் எனக்குத் தெரியாதே. பேர் தெரியாது, மத்தியான ஷிஃப்ட் என்றேன். மத்தியான ஷிஃப்டா என்று கை ஓங்கினான். அம்மா குறுக்கே வந்தாள். அப்பா வெல்டிங் பட்டறையிலிருந்து வந்து கைகூடக் கழுவவில்லை, அப்படியே நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் போ. சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பொண்ணு இந்த வாசல்ல நிக்கணும். இல்லன்னா நீயும் மகாவோட கார்மென்ட்ஸுக்குப் போ."

பையனாக இருந்தால்? கடவுளே, பையனாக இருந்தால்?

படுத்த பிறகு மகா அக்கா என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "மஞ்சளா, வெள்ளையா?" என்றாள். இரண்டும் என்றேன். ம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

13.11.1997

இன்று நின்று பார்த்திருக்க வேண்டும். பெல் அடித்ததும் எல்லாரையும்விட முதலில் ஓடி வந்துவிட்டேன். கோழை.

14.11.1997, வெள்ளி

நின்றேன்.

ஆயா பெருக்கி முடிக்கும் வரை மாடிப்படிக்குக் கீழே ஒளிந்திருந்தேன். பிறகு வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் நேராக என் டெஸ்க்குக்குப் போய்ப் பையை வைத்தான். அவ்வளவுதான், திங்கட்கிழமை நான் மிஷின் முன்னால் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பெண் வந்தாள். குட்டை, இரட்டைப் பின்னல். அவன் பையைத் தூக்கிப் பின் பெஞ்சில் எறிந்தாள். பின்னலிலிருந்து ஹேர்பின்னைப் பிடுங்கி, பூவை எடுத்து, குழியில் நட்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. தினமும் பல் தேய்க்கிற மாதிரி செய்தாள்.

உள்ளே போய், எனக்குத் தெரிந்த கன்னடத்தில், இது யாருக்கு என்று கேட்டேன்.

"யாரிகூ இல்ல," என்றாள். யாருக்கும் இல்லையாம்.

பேர் நாகரத்னா. அவளுக்குத் தமிழ் பாதி வருகிறது, எனக்குக் கன்னடம் பாதி வருகிறது. அவள் அம்மா சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பூ விற்கிறாள். மகள் தலையில் பூ வைக்காமல் வாசல் தாண்ட விடமாட்டாளாம். இங்கே அவர்கள் டிரில் மாஸ்டர் பூவைப் பார்த்தால் பிடுங்கிக் குப்பையில் போடுவாராம். குப்பையில் போட மனசு வராமல் குழியில் வைத்தாள். முதல் நாள் விற்காமல் நின்றது மஞ்சளென்றால் மஞ்சள், வெள்ளையென்றால் வெள்ளை. சாபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அப்ப நெல்லிக்காய்?"

ஆயா வைக்கிறார் என்று நினைத்தாளாம். ஆயா பூவைச் சாமிக்கு எடுத்துக்கொண்டு பதிலுக்கு நெல்லிக்காய் வைக்கிறார் என்று. எல்லாவற்றையும் தின்றிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பத்து நாள் யாரோ எனக்குப் பூ கொடுக்கிறார்கள் என்று நான் பாட்டுக்கு... சரி, போகட்டும். விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு ஆஸ்டின் டவுனுக்கு வந்து, பூ நீ கொடுத்தது என்று என் வீட்டில் சொல்ல முடியுமா என்றேன்.

அவள் யோசித்தாள். "ஆனா நான் உனக்குக் குடுக்கலையே. பொய் ஆகுமே."

பெல் அடித்தது. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். யாரோ டீச்சர் நடந்து வரும் சத்தம். நான் திரும்பினேன். அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். குழியிலிருந்த பூவைப் பிடுங்கி என் கையில் வைத்தாள்.

"தகோ. ஈக கொட்டே."

வாங்கிக்கோ. இப்போது கொடுத்துவிட்டேன்.

15.11.1997, சனி

வந்தாள். விலாசம் சரியாகப் பிடித்து, தலை நிறைய ஆரஞ்சுச் சாமந்தியோடு, தனியாக.

நீதானா என்றான் அண்ணன். நான்தான் என்றாள். ஏன் கொடுத்தாய் என்று கேட்டான். "உங்க தங்கச்சி நெல்லிக்காய் குடுத்தாளே," என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கன்னடத்தில் அவள் அம்மா எந்த இடத்தில் உட்காருகிறாள் என்று விசாரித்தார். பிறகு அவளுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

காபி கொண்டு வந்தது மகா அக்கா. டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கும் அவன் பேரு தெரியாதுன்னுதான் சொன்னேன். எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும்னு யாரும் சொல்லலையே."

நாகரத்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உறிஞ்சிக் குடித்தாள்.

17.11.1997

ஸ்கூலுக்குப் போனேன்.

20.11.1997, வியாழன்

ராத்திரி சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், பத்தாவதைப் பிரைவேட்டாக எழுதலாமாமே என்றார் அப்பா. எப்போது, எங்கே என்று உங்கள் மிஸ்ஸைக் கேட்டு வா என்றார்.

நான் இன்னும் ஒன்பதாவதுதானப்பா என்றேன். அம்மா முழங்காலால் என்னை இடித்தாள்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மகா அக்கா, கரண்டியை அப்பாவின் தட்டுக்கு மேலே பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஊத்து," என்றார் அப்பா.