அலகுக்காக நிறுத்திய மாத்திரை

ஜன. 26, திங்கள்
காலையிலிருந்தே மழை. துணி காயவில்லை. இவருக்குக் காவடி விரதம், வீட்டில் மரக்கறிதான். போன வருடம் என் ஆப்பரேஷனில் நான் பிழைத்தால் அலகு குத்துவதாக வேண்டிக்கொண்ட மனுஷன். அப்போது கால் நன்றாக இருந்தது. இப்போது வலது காலில் ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை. கிளினிக்கில் சொன்னது: ஈறில் ரத்தம், மலம் கறுப்பு என்றால் உடனே வரணும். வலி மாத்திரை கேட்காமல் வாங்கக்கூடாது. அலகு குத்தப்போவதை இவர் அங்கே சொல்லவே இல்லை.

ஜன. 28, புதன்
வெயில். கீரை, சோயாக்கட்டி தவ்பூ, பால் வாங்கினேன். காவடிக் கூட்டாளி ராஜு அண்ணன் வந்தார்.
"விரதம் சுத்தமா இருந்தா ஒரு சொட்டு ரத்தம் வராதுலா மச்சான். வந்துச்சுன்னா ஊரே பேசும்."
இவர் சிரித்தார். 

ஜன. 30, வெள்ளி
இவரோடு லகாட் சந்தைக்குப் போனேன். பாதி வழியில் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று நின்றுவிட்டார். வீட்டில் தொட்டுப் பார்த்தேன். வலது பாதம் ஐஸ். இரண்டு விரல் நீலம். புது மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தால், பிரிக்கவே இல்லை. பாவி மனுஷன்.
"ஏன் சாப்புடல?"
"அதைப் போட்டா ரத்தம் நிக்காது. விரதம் சரியில்லம்பானுங்க. பூசம் முடிஞ்சதும் போடுறேன். உனக்கு வச்ச வேண்டுதல்லா."
"எனக்கு வச்சதுன்னா நான் சொல்றேன், வேணாம். கெளம்புங்க."
ஈப்போ ஆஸ்பத்திரி. தமிழ் டாக்டர், சின்னப் பெண். "ரத்தம் வரும்னு பயந்தா எங்ககிட்ட கேக்கணும் அங்கிள். நீங்களா நிறுத்தினா அடைச்சிக்கும். இப்ப அடைச்சிருக்கு." வார்டில் சேர்த்தாயிற்று. காலே போய்விடுமோ என்று பயம். 

பிப். 1, ஞாயிறு. தைப்பூசம்
அடைப்பை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. விரல் இரண்டும் தேறாது, எடுக்கணும் என்றார் டாக்டர். இனி யார் என்ன சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக்கூடாதாம்.
இவர் உடைந்துபோவார் என்று பயந்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
"ரெண்டு விரலோட போச்சு. வேண்டுதல் தீந்துச்சுலா."
முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்.
"முருகன் விரலா கேட்டாரு உங்ககிட்ட?" என்று கத்திவிட்டேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.