மன்னாருக்குப் போன மருந்துப் பெட்டி

பெங்களூர்
9.9.1957

மதிப்பிற்குரிய டாக்டர் மதலைமுத்து அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுத் தடுப்பூசி மருந்துக்கூடத்தில் பெட்டி கட்டி அனுப்பும் ஜோசஃபின் எழுதுகிறேன். மன்னாரில் உங்கள் எருமைகளுக்குத் தொண்டை அடைப்பான் பரவுகிறது என்று கேட்டதும் இருநூறு குப்பிகளை ஐஸ் வைத்துக் கட்டிவிட்டேன். இலங்கைக்கு இதுதான் எங்கள் முதல் பெட்டி. ரயிலும் கப்பலும் மாறி வருகிறதே என்று வழக்கத்தைவிட அதிகக் கவனம் எடுத்திருக்கிறேன். தைரியமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜோசஃபின்

மன்னார்
28.10.1957

அன்புள்ள ஜோசஃபின் அம்மாளுக்கு,

நல்ல சேதி எழுத ஆசைதான். ஊசி போட்ட எருமைகளில் பதினொன்று அதே நோயில் செத்துவிட்டன. நான்கு இங்குள்ள மாட்டுக்காரர் சில்வெஸ்டருடையவை. "உங்கட ஊசியும் வேண்டாம், பெங்களூர் மருந்தும் வேண்டாம்" என்று வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஒருவரும் மாட்டைக் காட்டுவதில்லை. மழையும் தொடங்கிவிட்டது, நோய் இனித்தான் வேகமாகப் பரவும்.

குப்பிகளைக் குலுக்கினாலும் அடியில் வெள்ளையாகக் கட்டி நின்றது. அதைப் பார்த்தும் போட்டது என் பிழை. தலைமன்னார்த் துறையில் பெட்டி ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தது. அதனால்தான் கெட்டது, பொறுப்பு என்னுடையது என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். உங்களைக் குறை சொல்லவில்லை.

அன்புடன்,
மதலைமுத்து

பெங்களூர்
4.11.1957

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பார்த்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் பட்டால் இந்த மருந்து கட்டி தட்டாது, உறைந்தால்தான் தட்டும். உறைய வைத்தது நான்.

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஐஸ்கிரீம் வாளியைக் கையால் சுற்றும்போது ஐஸின்மேல் கல்லுப்பு போடுவோம், குளிர் ஏறும். தூரப் பயணமாயிற்றே என்று உங்கள் பெட்டியிலும் இரண்டு கை உப்பு போட்டேன். மருந்து குளிர வேண்டும், உறையக் கூடாது என்று படித்தவள்தான். ஆசையில் புத்தி போய்விட்டது. அதே மருந்தில் இங்கே எடுத்து வைத்திருந்த குப்பிகளை உப்பு ஐஸில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே கட்டி தட்டியது.

கூட வேலை செய்யும் ஓஸ்வால்ட், "அந்த டாக்டரே தன் தலைமேல போட்டுக்கிட்டார், உனக்கேன் வம்பு? வேலை போயிடும், சும்மா இரு" என்றார். என்னால் முடியவில்லை. அதிகாரி தேசிகன் சாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் தன் கையெழுத்தையும் கீழே போட்டார். "அனுப்பும்மா. ஆனா இனிமே அவங்க நம்மகிட்ட வாங்க மாட்டாங்க" என்றார்.

பெட்டி கட்டும் வேலை இனி ஓஸ்வால்டுக்கு. நான் குப்பி கழுவும் இடத்தில் இருக்கிறேன். மாற்று மருந்து இருநூறு குப்பிகள், உப்பில்லாமல், அவர் கட்டியது, நாளை புறப்படுகிறது. இந்தக் கடிதத்தை உங்கள் மேலிடத்தில் காட்டுங்கள். உங்கள்மேல் பழி நிற்கக் கூடாது.

மன்னிப்புக் கேட்கும்,
ஜோசஃபின்

(மேலே உள்ளது அனைத்தும் உண்மை. தேசிகன்)

மன்னார்
30.11.1957

அன்புத் தங்கச்சி ஜோசஃபினுக்கு,

அம்மாள் என்று எழுத இனி மனம் வரவில்லை.

உம்முடைய கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மாட்டுக்காரர் எல்லோருக்கும் வாசித்தேன். மன்னித்துக்கொள்ளும், உம்மிடம் கேட்கவில்லை. உப்பு என்று வந்ததும் சிலர் சிரித்தார்கள். சில்வெஸ்டர் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "தன்ர பிழையைத் தானே எழுதி அனுப்பின பிள்ளை. அதுகளின்ர மருந்தை நம்பலாம். என்ர மிச்ச மாட்டுக்குப் போடுங்கோ" என்றார்.

அன்று மாலைக்குள் நீங்கள் அனுப்பிய புது மருந்தை நூற்று எண்பது எருமைகளுக்குப் போட்டேன். மூன்று வாரமாக ஒன்றும் சாகவில்லை. மேலிடம் இன்னும் முந்நூறு குப்பி கேட்கச் சொல்கிறது, உங்கள் கூடத்திடமே.

ஓஸ்வால்டின் பெட்டி நன்றாகத்தான் வந்தது. இருந்தாலும் அடுத்த பெட்டியை ஜோசஃபின்தான் கட்ட வேண்டும் என்று தேசிகன் ஐயாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உமது அண்ணன்,
மதலைமுத்து