வங்காலை வீட்டில் நீ பேசிய ஞாயிற்றுக்கிழமை

அக்கா,

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டை ஒதுக்கும்போது உன்னுடைய கிளினிக் கொப்பி அகப்பட்டது. மட்டையில் நீ ஒட்டிய மடு மாதா படம். விரித்ததும் மாத்திரைகளின் கசந்த வாசனை. மாதாமாதம் மருந்து எடுத்த திகதிகள்; தொடக்கத்தில் ஒரு நீண்ட இடைவெளி. அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு மாதமும் தவறவில்லை. நிலத்தில் இருந்தபடியே முழுவதையும் வாசித்தேன்.

உனக்கு இருபத்திரண்டு வயதானபோது குரல்கள் கேட்கத் தொடங்கின. கிணற்றடியில் நின்றுகொண்டு, யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பாய். அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். அம்மா உன்னை மடு மாதா கோயிலுக்கும் கூட்டிப்போனாள், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். மருந்தில் சுகமானாய். சுகமாகிவிட்டதே என்று நீயாகவே நிறுத்தினாய். குரல்கள் முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்தன. கொப்பியில் உள்ள இடைவெளி அதுதான். மீண்டும் மருந்து தொடங்கி, மெல்ல மெல்ல எழும்பி, நண்டுக் கொம்பனியில் ஓட்டிலிருந்து சதை எடுக்கும் வேலைக்குப் போனாய். சில வருடங்களில் அந்த மேசைக்கே பொறுப்பானாய்.

ஊர்வாய் மட்டும் ஓயவில்லை. தலைமன்னார் இறங்குதுறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்து செத்துப்போன எங்கள் சித்தப்பாவை நினைவுபடுத்தி, அந்த இரத்தம்தான் என்றார்கள். அம்மாவோ உன்னை வயிற்றில் சுமந்தபோது தான் ஏதோ பிழை விட்டதாக நம்பினாள்.

நான் உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிய அடுத்த வருடம், வங்காலையில் எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். நாள் குறிக்கும் நேரத்தில் அவருடைய தாய் தரகரிடம் சொல்லியனுப்பினார்: மூத்த பிள்ளைக்குத் தலை சரியில்லையாம், நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கும் வந்தால் என்ன செய்வது? அம்மா பதறிப்போனாள். கல்யாணம் முடியும்வரை உன்னை யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் விடலாம் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்கா. அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு. நீ உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டிருந்தாய்.

“முதல்லை டொக்டரிட்டைக் கேப்பம்,” என்றாய். “பிறகு நானே வங்காலைக்குப் போறன்.”

டொக்டர் எங்கள் மூவரையும் இருத்தி, ஒரு தாளின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். மனிதர் எல்லாருக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மூளையில் எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதிகளும் டிஎன்ஏயில் உண்டு. அங்கே ஆளுக்காள் சின்னச் சின்ன மாற்றங்கள். ஒன்று ஒரு மரபணுவைக் கொஞ்சம் கூட வேலை செய்ய வைக்கும், இன்னொன்று கொஞ்சம் குறைக்கும். தனியாக எதுவும் பெரிதல்ல. அப்படிப் பல மாற்றங்கள் சேர்ந்து, வாழ்க்கையின் அடிகளும் சேரும்போது, மற்ற நோய்களைப் போல இந்த வருத்தமும் சிலருக்கு வரலாம். வகுப்பில் மரபணுவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற எனக்கு, அது எங்கள் வீட்டுக் கதையும்தான் என்று அன்றுவரை தோன்றவேயில்லை.

தங்கச்சிக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு வருமா என்று நீதான் கேட்டாய். மற்றவர்களைவிடச் சாத்தியம் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் அநேகமாக வராது, வந்தாலும் வைத்தியம் இருக்கிறது என்றார். அம்மா கதிரை நுனிக்கு நகர்ந்தாள்.

“அப்ப என்ரை பிழை இல்லையோ, டொக்டர்?”

“இல்லையம்மா. ஒருத்தற்றை பிழையும் இல்லை.”

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று வீட்டுக்கு வந்து, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நீயும் நானும் பஸ் ஏறி, கடலுக்குக் குறுக்கே போடப்பட்ட தாம்போதியைத் தாண்டி வங்காலைக்குப் போனோம். மாப்பிள்ளையின் தாய் எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னார். நீ இருக்கவில்லை.

“மாமி, வருத்தக்காரப் பிள்ளை எண்டு சொன்னது என்னைத்தான். கேக்கிறதை என்னட்டையே கேளுங்கோ.”

வேலிக்கு அப்பால் ஆட்கள் நின்றார்கள். மெல்லப் பேசு என்று உன் கையை இழுத்தேன். நீ கேட்கவில்லை. டொக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். எங்கள் வீட்டில் சாத்தியம் கொஞ்சம் கூடத்தான், பொய் சொல்லமாட்டேன் என்றாய். அந்தச் சின்ன மாற்றங்கள் சில எல்லா வீட்டிலும் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கும் என்றாய். 

மாமி கேட்டார்: “மருந்தை விட்டால்?”

“ஒருக்கா விட்டுப் பாத்தனான், மாமி. திரும்பி வந்திட்டுது. இப்ப விடுறேல்லை.”

 மாமி என்ன வேலை என்று விசாரித்தார். நண்டு ஓடு கீறிய உன் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “வாங்கோ பிள்ளையள்,” என்றார். “சாப்பிட்டிட்டுப் போங்கோ.” பாரைமீன் குழம்பு. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். தாயோடு சண்டை பிடிக்கத் தயாராகத் தான் அடுப்படி வாசலில் நின்றதாகவும், தான் பேச நீ ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை என்றும் அன்றைய மாப்பிள்ளையான என் கணவர் இன்றும் சொல்லுவார். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தாய். “பயத்திலை செத்தே போனன்,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய்.

கல்யாணத்தன்று கோயிலில் தோழியாக என் பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால் நின்றாய். உன் தலையில் பூ வைத்துவிட்டது மாமி.

போன வருடம் உன் இதயம் திடீரென்று நின்றது. நண்டுக் கொம்பனிப் பெண்கள் வேலை உடுப்போடேயே வந்து உன் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவள் சத்தமாகச் சிரிக்கும்போதெல்லாம், “அப்படியே பெரியம்மாதான்,” என்று மாமி பூரித்துப்போகிறார். எந்தச் சாயலுக்குப் பயந்தாரோ, அதையே இன்று கொண்டாடுகிறார்.

சென்ற மாதம் மரபணுப் பாடத்தின் நடுவே, பைத்தியம் பரம்பரையா என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தச் சொல் வேண்டாம், அது ஒரு வருத்தம் என்றேன். என் அக்காவுக்கு இருந்தது என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அவளுடைய தாய் பாடசாலை வாசலில் காத்து நின்றார். மூத்த மகன் மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவுக்கு வெளியே இருந்து அவனுக்கு உன் கதையைச் சொன்னேன். மூன்றாம் நாள் போனபோது கதவைத் திறந்தான். கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன்.

நேற்று அந்தத் தாய் தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், அவன் இண்டைக்கு எங்களோடை இருந்து சாப்பிட்டவன்.” சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன், சந்தோஷத்தில். தெரிந்த இன்னொரு வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதாம், வரமுடியுமா என்று கேட்டார். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு நான் போகிற வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன, அக்கா.