கேஸ் ஹீட்டர் அணைந்த நாட்கள்

1996 ஜனவரி 6, சனி

நாளை மறுநாள் என் மகள் வசுமதி வருகிறாள். எட்டாம் மாதம். தாய் இல்லாத வீட்டுக்கு எதற்குப் போகிறாய் என்று அவள் மாமியார் கேட்டிருக்கிறார். "அப்பா தனியா இருக்காரு" என்றாளாம். மாப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி புஷ்பா போய் நாற்பத்தொரு நாள். காரியம் முடிந்த மறுநாளே ஆவடிக்கு வேலைக்குப் போனேன். லேத் மெஷின் முன்னால் நின்றால் எட்டு மணி நேரம் போய்விடுகிறது. இதுவரை அழவில்லை. சாப்பாட்டில் உப்பு தெரிவதில்லை. மற்றபடி ஒன்றுமில்லை.

ஜனவரி 7

குளியலறையில் கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்துப் பார்த்தேன். புஷ்பா போன அன்றைக்குப் பிறகு அதைத் தொடவில்லை. நான் பச்சைத்தண்ணீரில்தான் குளிக்கிறேன். ஆனால் பிள்ளைத்தாச்சிக்கு வெந்நீர் வேண்டுமே.

பைலட் என்கிற அந்தச் சின்னச் சுடர் நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாக வந்தது, நடுங்கியது, அணைந்தது. ஆறு முறை. சிலிண்டர் புதுசு. ரெகுலேட்டரில் குறையில்லை. ட்யூபில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், கசிவு இல்லை.

ஜனவரி 8

வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். வேறு என்ன செய்வது?

ஜனவரி 11

அடுப்பில் வெந்நீர் போட்டு அண்டாவை அவளே தூக்கப் போனாள். தடுத்தேன்.

"அப்ப ஹீட்டர சரி பண்ணுங்கப்பா. நீங்க பண்ணாத ரிப்பேரா?"

மெல்லிய ஊசியால் பைலட்டின் துளையைக் குத்தினேன். சுடர் பிடித்தது. குழாயைத் திறந்ததும் அணைந்தது. என் கைக்கு இது வரவில்லை. மண்ணூர்பேட்டையில் வேம்புலி என்று ஒரு மெக்கானிக் இருக்கிறாராம், ஹீட்டர் வேலை மட்டும் பார்ப்பவர். சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஜனவரி 13, சனி

எழுத வேண்டும். எழுதினால்தான் நடந்தது என்று ஆகும்.

வேம்புலி பத்து மணிக்கு வந்தார். வசுமதி பக்கத்து வீட்டில் இருந்தாள். மூடியைக் கழற்றியதும் உள்ளெல்லாம் கரி. பர்னர், மேலே செம்புக் குழாய், எல்லாம்.

"இன்னா சார், இவ்ளோ கரி? காத்து பத்தாம எரிஞ்சிகினு இருந்துகீது. பைலட் அடைச்சிகினது இதாலதான்."

பிறகு வால்வைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு செம்புக் கம்பித் துண்டை எடுத்துக் காட்டினார்.

"இத யாரு சொருவனது? ரூம்ல காத்து கம்மியாய்ட்டா தானா அணையற மாரி கம்பெனிக்காரன் வச்சிகீறான். இந்தக் கம்பி அத அணைய உடாது சார்."

கம்பியைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் நிமிர்ந்து மேலே வெண்டிலேட்டரைப் பார்த்தார். அங்கே ஒட்டுப்பலகை.

"கதவும் சாத்தி, இதையும் அடைச்சிட்டு, இது நிக்காம எரிஞ்சா அவ்ளோதான். வெசக் காத்து சேரும், வாசனையே தெரியாது. உக்காந்த எடத்துலயே ஆள் போய்டும். ஊட்ல யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

ஆகவில்லை என்று சொன்னேன்.

பலகையை அடித்தது நான். போன வருஷத்துக்கு முந்தின மழையில் காற்று வந்து சுடரை அணைக்கிறது என்று புஷ்பா சொன்னாள். அடைத்தேன். அப்புறம் பற்றவைத்த பத்து நிமிஷத்தில் ஹீட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. மெஷின் கோளாறு என்று நினைத்தேன். லேத் ஓட்டுகிறவன் மூளை. கம்பி வைத்தேன். அதன்பிறகு ஒரு நாளும் அணையவில்லை. பக்கத்து வீட்டு ஞானம்மாளிடம் புஷ்பா பெருமையாகச் சொன்னாள் — எங்க வீட்டுக்காரர் கைபட்டா எதுவும் ஓடும்.

குளித்துவிட்டு வந்தால் தலை வலிக்குதுங்க என்பாள். பிரஷர் மாத்திரை போட்டியா என்று கேட்பேன்.

நவம்பர் 26 ஞாயிறு. கூப்பிட்டேன், பதில் இல்லை. குளியலறைக் கதவை உடைத்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் நான்தான். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். அதுவாகவும் இருக்கலாம். உடலை எரித்தாகிவிட்டது, இனி யாரைக் கேட்பது?

நான்தான் அடைச்சேன். நான்தான் கம்பி வச்சேன். அந்தப் பைலட் மட்டும் பிடிச்சிருந்தா இந்த வாரம் என் பொண்ணு — வேண்டாம்.

ஜனவரி 14

போகி. பலகையைக் கழற்றினேன். நாலு ஆணி. ஹீட்டரையும் இறக்கி, சம்மட்டியால் அடித்து நசுக்கினேன். வேறு யார் வீட்டுக்கும் போகக் கூடாது.

"சரி பண்ண முடியலையாப்பா?" என்றாள்.

முடியலம்மா என்றேன்.

ஜனவரி 16

சொல்லிவிட்டேன்.

காலையில் காபி கொடுத்தாள். வாங்கி வைத்துவிட்டு, பலகை, கம்பி, வேம்புலி சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் குரல் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் ரிப்போர்ட் சொல்வது போல இருந்தது. அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமாப்பா? மூச்சு முட்டியிருக்குமா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

"இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?"



ஜனவரி 17

மாப்பிள்ளை வந்து அவளை நசரத்பேட்டையில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஆட்டோவில் ஏறும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஜனவரி 29

வேலை. வீடு.

பிப்ரவரி 4, ஞாயிறு

வேம்புலியைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். கடையைச் சாத்திவிட்டு என்னோடு டீக்கடைக்கு வந்தார்.  "பட்டாபிராமுல மட்டும் இந்த மாரி ஹீட்டரு பதினோரு ஊட்ல கீது அண்ணாத்தே. ஆபத்துன்னு நான் சொன்னா, காசுக்கு சொல்றான்னு நெனைக்கிறாங்கோ. நீ வந்து சொல்றியா?"

இன்று நாலு வீடு. ஒரு வீட்டில் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். எனக்கு நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா சாக்கை உடனே பிடுங்கிப் போட்டாள். நாலு இடத்திலும் ஒரே மாதிரி சொன்னேன். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

பிப்ரவரி 20

பெண் குழந்தை. இருவரும் சுகம். மாப்பிள்ளை சொல்ல வந்தார். தயங்கித் தயங்கி, "இப்ப வராதீங்க மாமா. அவளே சொல்லுவா" என்றார்.

பிப்ரவரி 25

மிச்சம் இருந்த வீடுகள் முடிந்தன.

மார்ச் 10, ஞாயிறு

வரச் சொல்லியிருந்தாள். நசரத்பேட்டைக்குப் போனேன். மாமியார் கடைக்குப் போயிருந்தார். வசுமதி என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கனமே இல்லை.

பின்கட்டில் அடுப்பு மூட்டி வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. வாளியில் ஊற்றிக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். துண்டை எடுத்துக்கொண்டு போனவள் கதவருகில் நின்றாள்.

"தாழ்ப்பாள் போட எனக்கு பயமா இருக்குப்பா. சும்மா சாத்தி வைக்கிறேன். நீங்க இங்கயே உக்காந்துக்குங்க. நடுநடுவுல கூப்பிடுங்க."

உட்கார்ந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வசு" என்றேன்.

"ம்."

தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன்.

"இருக்கேம்ப்பா" என்றாள்.